ஸ்கூட்டரைத் துறந்தவர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். பிறகு மூக்கின் மேலிருக்கும் கண்ணாடி நழுவும். அதைத் தூக்கி நிறுத்திய பின்னரே வாய் திறக்கும். அன்று காலை கண்ணாடி நிலைகொள்ளாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

காரணம், அவருடைய மனைவி சாவதானமாகக் கேட்ட ஒரு கேள்வி.

"ஏங்க, பெரிய ரோட்ல பஸ் ஏறினா உங்க கடை வாசல்லயே இறக்கி விட்டுடறான். எனக்கு ரெண்டு பஸ் மாறணும். ஸ்கூட்டரை நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனா என்ன?"

"ஸ்கூட்டர் என்ன இரவல் கொடுக்கிற பொருளா?"

"நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

அந்த ஸ்கூட்டரை அவர் எப்படிப் பேணி வந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் குளிப்பாட்டு, மாலையில் துடைப்பு, இரவில் நீலப் போர்வை. தமக்குக் காய்ச்சல் கண்டபோதும் அந்தப் போர்வையை அவர் எடுத்துப் போர்த்திக்கொண்டதில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியுமா, முதல்ல அதைச் சொல்லு."

"கத்துக்கிட்டா தெரிஞ்சுட்டுப் போகுது."

"நம்ம தெருவுக்கு வந்துட்டிருந்த பஸ்ஸை நிறுத்தினானே, அவன் மேல கோபப்படு. அவனை விட்டுட்டு என் வண்டி மேல எதுக்குக் கண்ணு வைக்கறே?"

இப்படிச் சொன்னதும் அவருக்கே அது பெரும் நியாயமாகப் பட்டது. தெருமுனையில் நிறுத்தம் இருக்கிறது; கூரை இருக்கிறது; பெயர்ப்பலகை இருக்கிறது; பேருந்து மட்டும் இல்லை. இது அநீதி அல்லவா? இந்த அநீதியால் அல்லவா தம் ஸ்கூட்டருக்கு ஆபத்து வந்திருக்கிறது?

"பாத்துக்கிட்டே இரு. உன்னை ஆஸ்பத்திரி வாசல்ல இறக்குற மாதிரி பஸ் கொண்டு வரேன். வந்துட்டா அப்புறம் ஸ்கூட்டர் பேச்சையே எடுக்கக் கூடாது."

"எடுக்க மாட்டேன்."

அவ்வளவு எளிதில் அவள் ஒப்புக்கொண்டது அவரை எச்சரித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. கைராசிக்காரி என்று பெயர். நோயாளியிடம் அவன் மாமியாரைப் பற்றி விசாரிப்பாள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும். ஊசி குத்தியதே தெரியாது.

மாநகரில் மேயர் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரம் அது. களத்தில் இருவர். தெருவுக்குத் தெரு பேருந்து விடுவேன் என்ற அம்மையாரை மக்கள் 'பஸ்ஸம்மா' என்றனர். பூமிக்கடியில் ரயில் விடுவேன் என்றவருக்குச் 'சுரங்கத்தார்' என்று பெயர் விழுந்தது. அவர் வீடுதோறும் கொடுத்த வரைபடத்தில் ரயில் பாதைகள் சிக்கு விழுந்த நூற்கண்டு போலக் கிடந்தன.

"ஊர்ல சாக்கடையே ஒழுங்கா பூமிக்கடியில ஓடல. இவன் ரயில் ஓட்டப் போறானாம்" என்று கண்ணாடிக் கடைக்காரர் பொருமினார்.

கீழ்வீட்டுப் பல் வைத்தியர் சிரித்தார். "வாக்குறுதியும் பால் பல்லும் ஒண்ணு சார். விழறதுக்குன்னே முளைக்குது."

"பஸ்ஸம்மா வாக்கு அப்படி விழாது. ஒலிபெருக்கியில, தெரு சனம் முன்னாடி சொல்ல வைக்கறேன் பாருங்க."

அன்றே 'பேருந்து மீட்புக் குழு' பிறந்தது. தலைவர் அவர். செயலாளர் அவர். பொதுச்சபைக்குப் பல் வைத்தியரைச் சேர்த்துக்கொண்டார். மனைவியோ எதிர்பாராத அளவுக்கு ஒத்துழைத்தாள். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவருக்கும் சொல்லியனுப்பினாள். கூட்டத்தன்று அவருடைய வெள்ளைச் சட்டைக்கு மடிப்புக் கலையாமல் பெட்டி போட்டுக் கொடுத்தாள். 'ஆயிரம் இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்' என்று அவர் நெகிழ்ந்தார்.

பேருந்து வராத நிறுத்தத்தின் கீழே கூட்டம் கூடியது. பஸ்ஸம்மா காரில் வந்து இறங்கினார். கண்ணாடிக் கடைக்காரர் ஒலிபெருக்கியைப் பற்றிக்கொண்டு கொதித்தார்.

"நாள்தோறும் என் துணைவியார் இரண்டு பேருந்துகளில் நசுங்கிச் செல்கிறார். போகும்போது முழு மனுஷியாகப் போகிறவர் திரும்பும்போது பாதியாக வருகிறார். இதைக் கண்டு என் நெஞ்சு பொறுக்கவில்லை. யார் இதற்குப் பொறுப்பு?"

கைத்தட்டல் எழுந்தது. முன்வரிசையில் நின்ற மனைவி, முழு மனுஷியாகவே, தானும் தட்டினாள்.

பஸ்ஸம்மா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "பஸ் வரும் ஐயா. ஆனா முன்னாடி வந்த பஸ் ஏன் நின்னுச்சு தெரியுமா? ஏற ஆள் இல்ல. வீட்டுக்கு வீடு வண்டி. இன்னையிலேருந்து சொந்த வண்டியைத் தொட மாட்டேன், பஸ்லதான் போவேன்னு யார் யார் கை தூக்கறீங்க? அந்தத் தெருவுக்குத்தான் என் முதல் பஸ்."

ஒரு கையும் எழவில்லை. பல் வைத்தியர் வானத்தில் சொத்தை ஏதும் இருக்கிறதா என்று அண்ணாந்து ஆராயத் தொடங்கினார்.

அப்போது கண்ணாடிக் கடைக்காரரின் காதருகே, முன்வரிசையிலிருந்து நகர்ந்து வந்த மனைவியின் குரல் கவலையோடு கேட்டது.

"ஏங்க, அக்குள்ல தையல் விட்டிருக்கு போலிருக்கே. கையைத் தூக்குங்க பாப்போம்."

தூக்கினார்.

பளிச் பளிச்சென்று புகைப்படக் கருவி மின்னியது. தெரு ஆர்ப்பரித்தது. பஸ்ஸம்மா ஓடி வந்து, தூக்கிய கை இறங்காதபடி அதைப் பற்றி இன்னும் உயர்த்திப் பிடித்தார். "ஐயா இந்த நகரத்துக்கே வழிகாட்டி" என்று அவர் முழங்கியபோது, வழிகாட்டியின் கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மேசைமேல் எறிந்தார்.

"எங்கே விட்டிருக்கு தையல்? காட்டு."

அவள் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். "அட, நல்லாத்தான் இருக்கு. என் கண்ணைத்தான் நீங்க ஒரு தடவை பரிசோதிக்கணும்."

"நாளைக்கே போய், நான் கையைத் தூக்கலைன்னு சொல்லிடப் போறேன்."

"போட்டோ எடுத்துட்டாங்களே. சொன்ன சொல்லை மாத்தினா, மேடையில நிக்கறவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? தேர்தல் முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குங்க. முடிஞ்சதும் நானே தினமும் உங்களைப் பின்னாடி உட்கார வெச்சு, கடையில இறக்கி விட்டுட்டுப் போறேன்."

"நீயா? எப்படி?"

அவள் கைப்பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உண்ட மயக்கத்தில் குறட்டை விட்ட நேரமெல்லாம், பல் வைத்தியர் மனைவியின் வண்டியில் பழகியிருக்கிறாள்.

"பேச்சை எடுக்க மாட்டேன்னு சொன்னியே?"

"பேச்சை எடுக்கலையே. வண்டி சும்மா நின்னா பாட்டரி இறங்கிடும். அதனால வண்டியைத்தான் எடுக்கப் போறேன்."

மறுவாரம் நகரத்துச் சுவர்களிலெல்லாம் அவர் கையைத் தூக்கி நின்றார். கீழே கொட்டை எழுத்தில் 'ஸ்கூட்டரைத் துறந்தவர்'. கடைக்கு வந்தவர்கள், கண்ணைக் காட்டுவதற்கு முன் அவர் கையைக் குலுக்கினார்கள். ஆசை பொறுக்காமல் ஒருநாள் மாலை போர்வையை விலக்கி ஸ்கூட்டரின் இருக்கையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், தியாகத்துக்குத் தூசி தட்டறீங்களா?" என்றார் பல் வைத்தியர்.

போர்வையைப் போர்த்திவிட்டார்.

தேர்தல் முடிந்தது. பஸ்ஸம்மா தோற்றார், சுரங்கத்தார் மேயரானார். செய்தி கேட்டுத் துள்ளிக் குதித்த ஒரே பஸ்ஸம்மா கட்சிக்காரர் கண்ணாடிக் கடைக்காரர்தாம். பஸ் கொடுப்பவரே இல்லையென்றால் பஸ்ஸில் போவதாகச் சொன்ன சபதம் ஏது? மறுநாள் காலை விசிலடித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

நீலப் போர்வை நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்கீழ் இருக்க வேண்டிய ஸ்கூட்டரைக் காணோம்.

தெருமுனை நிறுத்தத்தைக் கடந்து, பெரிய சாலை வரை பொருமிக்கொண்டே நடந்தார். அங்கே சுவரிலிருந்த அவர் படத்தின்மேல் சுரங்கத்தாரின் நன்றி அறிவிப்பை ஒட்டிவிட்டிருந்தார்கள். தூக்கிய கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நின்று அவரும் கையைத் தூக்கினார். பேருந்து இரண்டு கைகளையும் மதிக்காமல் போயிற்று.

சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதைக் குளிப்பாட்டி வளர்த்த கைக்கு அடையாளம் தெரியாதா என்ன? பாய்ந்து போய்ப் பின்னிருக்கையைப் பிடித்தார்.

"நில்லு. தினமும் கடையில இறக்கி விடறேன்னு சொன்னியே?"

பச்சை விளக்கு விழுந்தது. அவள் தலைக்கவசத்தைச் சற்றே உயர்த்தி, ஊசி போடுகிற அதே இதமான குரலில் சொன்னாள்.

"அது தேர்தலுக்கு முன்னாடி சொன்னதுங்க."