மன்னவனூர்த் தீவில் காணாமல் போன முத்துமாலை

கரீபியன் தீவுகளைக் கண்டுபிடித்தவர் கொலம்பஸ் என்று பள்ளிக்கூடங்களில் இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பழைய பாடத்திட்டம். கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, வழி தவறிக் கரீபியனில் இறங்கினார். இயக்குநர் அகிலனோ கரீபியனைத் தேடிப் புறப்பட்டு, வழி தவறாமல், பூம்பாறை மலை வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே வந்து மன்னவனூரில் இறங்கினார். உலக வரலாற்றில் இதற்குச் சமமான கடற்பயணம் இல்லை. கடலே இல்லாமல் நடந்தது என்பது கூடுதல் சிறப்பு.

படத்தின் பெயர் 'தித்திக்கும் திருட்டு'. கரீபியன் தீவு ஒன்றில் ஆளுநர் மனைவியின் முத்துமாலை காணாமல் போகிறது. துப்பறியும் நாயகன் சிரித்துக்கொண்டே திருடனைக் கண்டுபிடிக்கிறான். குடும்பத்தோடு பார்க்கலாம். கொலைகூட ஒன்றே ஒன்றுதான், அதுவும் நாகரிகமான கொலை. தயாரிப்பாளர் சேனாதிபதி, பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். படக்குழு அவரிடம் விமானம், கப்பல், விசா என்று ஒவ்வொன்றாக அடுக்கியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணி இருக்கணும், சுத்திப் பச்சையா இருக்கணும். அவ்வளவுதானங்க? அது நம்ம மலை மேலயே கெடக்கே!"

பெரிய மனிதர்களின் சிந்தனை எப்போதும் எளிமையானது.

மன்னவனூரில் ஊர்க்கூட்டம் கூட்டி அறிவித்தார்கள். மேற்படி ஊரின் ஏரி புரட்டாசி முடியும் வரை கடலாகக் கருதப்படும். கடலில் மாடு குளிப்பாட்டக் கூடாது. தென்னை இல்லாத குறையைப் போக்க, ஆயக்குடியிலிருந்து இரண்டு லாரி தென்னங்கீற்று வந்திறங்கியது. அதை யூகலிப்டஸ் மரங்களின் உச்சியில் கட்டினார்கள். மதியம் தவறாமல் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, இறங்கி எதையும் பார்க்க முடியாமல் செய்தது. "கடல் ஆவி," என்று அகிலன் விளக்கம் தந்தார். இந்த அறிவியல் விளக்கத்தை ஊரே ஏற்றுக்கொண்டது.

ஏரிக்கரை ஓரமாக இருந்தது சோலையம்மாளின் வீடு. தகரக் கூரை, ஓர் அறை, ஓர் அடுப்படி. அடுப்படிப் பரணில் அவளுடைய அடுத்த வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. அதாவது, முப்பது கட்டு விதைப்பூண்டு. மலைப்பூண்டை விதைக்கு வைக்க வேண்டுமென்றால் அடுப்புப் புகையில் மாதக்கணக்காகத் தொங்கவிட வேண்டும். புகை குடித்துக் கறுத்துக் கிடந்தால்தான் ஐப்பசி மழைக்கு முளைக்கும். ஈரம் பட்டால் அழுகிவிடும். சந்தைப் பூண்டை வாங்கி நட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தாள் வரும், பூண்டு வராது. விற்கும்போது கட்டுகள் கலந்துவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துணி உண்டு. சோலையம்மாள் வீட்டுத் துணி, கிழிந்த ஊதா நைலான் சேலை. அந்த ஊதா முடிச்சை இருட்டில் தொட்டுப் பார்த்தே தன்னுடையது என்று சொல்லிவிடுவாள்.

இப்பேர்ப்பட்ட வீட்டைத்தான் படக்குழு 'ஒப்பனை மாளிகை'யாகத் தேர்ந்தெடுத்தது.

"உங்க வீடு ரொம்ப நேச்சுரலா இருக்கும்மா," என்றார் கலை இயக்குநர் ஜெயமுருகன், பரணை அண்ணாந்து பார்த்தபடி.

"ஒழுகுதுங்க," என்றாள் சோலையம்மாள்.

"அதைத்தான் சொன்னேன்."

வீட்டை எடுத்துக்கொண்டவர்கள், உடன் கிடைத்த சோலையம்மாளையும் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குத் தீவின் மீன்காரி வேஷம். பூப்போட்ட கவுன், ஓலைத் தொப்பி, கையில் ஒரு ரப்பர் மீன். நாயகன் கடைவீதியில் நடக்கும்போதெல்லாம் அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூங்கில் தூண்போல் நில்லுங்கள் என்று சொன்னதை அவள் அப்படியே செய்ததால், அகிலனுக்கு அவளுடைய நடிப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஒரே தொந்தரவு, வியர்வை. கரீபியனில் எல்லோரும் வியர்த்து வழிவார்களாம். மன்னவனூரில் அப்போது ஆட்டுக்குட்டிகூட நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் கழற்றச் சொல்லி, உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கும் பம்பால் ஊர்க்காரர்கள் முகத்தில் வியர்வை அடித்தார்கள்.

"என்னா குளிரு! இந்தத் தீவுல மனுசன் எப்பிடிய்யா பொழைக்கான்?" என்று பல்லைக் கிட்டித்துக்கொண்டு கேட்டான் சோலையம்மாளின் புருஷன் பழனிச்சாமி. அவனுக்கு மாலுமி வேஷம்.

"வெயில்ல," என்றார் உதவி இயக்குநர்.

மூன்றாம் நாள் காலை வெள்ளனே முக்கியமான காட்சி. முத்துமாலை களவு போன செய்தி கேட்டுத் தீவே பதற வேண்டும். ஊரார் பதறினார்கள். பஸ் போய்விட்ட அளவுக்குத்தான் பதறினார்கள். அகிலன் ஒலிபெருக்கியை எடுத்தார்.

"உங்க வீட்டுல எது காணாமப் போனா உசுரே போயிரும்? அதை நெனச்சுக்கங்க!"

சோலையம்மாள் பரணை நினைத்துக்கொண்டாள். பரண் காலியாகக் கிடப்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அவளையறியாமல் ரப்பர் மீனால் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயையோ, போச்சே! எல்லாம் போச்சே!" என்று அலறினாள். அகிலனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கை தட்டியது. "இதுதாண்டா நடிப்பு!" என்றார்கள்.

அவள் அப்படி அலறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஜெயமுருகன் அவள் வீட்டுப் பரணில் ஏணி போட்டு ஏறி நின்றிருந்தார். கற்பனையையும் நிஜத்தையும் ஒரே நேரத்தில் படமாக்கும் வசதி பெரிய ஊர்ப் படங்களில்கூடக் கிடையாது.

மதியம் 'தீவு மதுக்கூட'த்தில் படப்பிடிப்பு. ஏரிக்கரையில் மூங்கிலால் போட்ட கொட்டகை அது. இறுதிக்காட்சியில் நாயகன் இங்கேதான் திருடனைச் சுட்டிக்காட்டப் போகிறான். சோலையம்மாள் மீனோடு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். மேலே வரிசையாகப் பூண்டுக் கட்டுகள். ஊதா முடிச்சுகள்.

ரப்பர் மீனை மேலே நீட்டினாள்.

"இது என் பூண்டுய்யா!"

"பூண்டு இல்லம்மா. செட்டுக்குள்ள வந்துட்டா பிராப்பர்ட்டி," என்றார் ஜெயமுருகன்.

"ஆமா, என் பிராப்பர்ட்டிதான். எறக்கிக் குடு!"

"வீட்டைக் குடுத்தீங்கல்ல? வீடுன்னா அதுல தொங்குறதும் சேர்ந்ததுதான். வெளிநாட்டு மதுக்கடையில எப்பவும் ஏதாவது தொங்கும்மா. இது கரியா இருந்துச்சு. முன்வரிசைப் பன்னெண்டையும் தொடச்சு வார்னிஷ் அடிச்சேன். பாருங்க!"

"வார்னிஷ் அடிச்சா மொளைக்குமாய்யா?"

"மொளைக்காது. மின்னும்."

பின்வரிசைப் பதினெட்டுக் கட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்ததை அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டாள். அது போதும். பாதிக் காட்டிலாவது நட்டுவிடலாம். ஆனால் கொட்டகைக்குள் மஞ்சு புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் இப்படியே தொங்கினால் அதுவும் கதை முடிந்தது.

"வார்னிஷ் அடிக்காததையாவது எறக்கிக் குடுங்கய்யா, அடுப்புப் பொகையில தொங்க விடணும்."

"முடியாதும்மா. கன்டினியூட்டி. ஒரு சீன்ல தொங்குனது அடுத்த சீன்லயும் தொங்கணும். இல்லேன்னா பாக்குறவன் கண்டுபிடிச்சிருவான்."

"திருடுனதையா?"

"மாறுனதை."

சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு வேலுமணியைத் தேடிப் போனாள். அவர் கொட்டகையின் மூலையில், முதுகில் கத்தியோடு, செத்துக் கிடந்தார். முதல் நாளே அவருடைய உடற்கட்டைப் பார்த்து அகிலன் பிண வேஷம் கொடுத்திருந்தார்.

"ஏட்டய்யா, என் விதைப்பூண்டு திருட்டுப் போயிருச்சுங்க."

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. "வெரசாச் சொல்லு. மூச்சு விடக் கூடாதுன்னிருக்காங்க."

"திருட்டு, திருடுனவன், பொருளு, மூணும் இந்தக் கொட்டகைக்குள்ளயே இருக்குங்க. எந்திரிச்சு ஒரு வார்த்த கேளுங்க."

"நான் வெள்ளிக்கெழம வரைக்கும் எறந்துதான்மா கெடக்கணும். எந்திரிச்சாக் கன்டினியூட்டி போயிரும். சனிக்கெழம உசுரோட வா, எழுதிக்குவோம்."

கண் மூடியது. கடமையில் இவ்வளவு ஆழ்ந்து கிடக்கும் ஒரு காவலரை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

சோலையம்மாள் நேராக அகிலனிடம் போனாள். கோபத்தில் குளிர்கூட விட்டுப்போயிருந்தது. முகத்தில் இருந்தது பம்புத் தண்ணீரா நிஜ வியர்வையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாரு, இந்தக் கன்டினியூட்டி எனக்கும் உண்டுங்களா?"

அகிலன் பூரித்துப்போனார். "உங்களுக்கு இல்லாமலா? முதல் சீன்ல இருந்து ஹீரோ பக்கத்துல நிக்கிறது யாரு? கிளைமாக்ஸ்ல நீங்க இல்லேன்னா ஜனங்க 'மீன்காரி எங்க'ன்னு கேப்பாங்கம்மா!"

"அப்பச் சரிங்க," என்றாள். ரப்பர் மீனை மதுக்கூட மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மறுநாள் காலை சேனாதிபதியே பஞ்சாமிர்தப் புட்டியோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அகிலன்.

"தாயி, கோவப்படாத. கலைன்னு வந்துட்டா நாலு பேரு விட்டுக்குடுக்கத்தானே வேணும்?"

"மிச்ச மூணு பேரு யாருங்க?" என்றாள் சோலையம்மாள்.

சேனாதிபதி புட்டியைத் திண்டுமேல் வைத்தார்.

"வார்னிஷ் அடிச்ச பன்னெண்டும் போனாப் போகட்டும். அந்தப் பதினெட்டுக் கட்டை எறக்கிக் குடுங்க. அடுத்த நிமிசம் மீனத் தூக்கிட்டு வாரேன். ஐப்பசி பொறக்கப் போகுது சாரு. எங்களுக்கு நடவு நடக்கணும்."

படக்குழுவின் 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம்' வேனுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தது. மூன்று முறை காபி போயிற்று. பதினெட்டுக் கட்டை இறக்கினால் பின்சுவர் மாறும். மீன்காரி வராவிட்டால் கூட்டம் மாறும். எதை மாற்றுவது? கடைசியில் அகிலன் முகம் மலர இறங்கி வந்தார்.

"பிரச்சினை தீர்ந்துருச்சும்மா! உங்களுக்கு இனிமே சிரமமே இல்ல. நீங்க வர வேண்டாம்."

சோலையம்மாள் அதை நல்லபடியாகத்தான் எடுத்துக்கொண்டாள். பூண்டு வரும் என்று அடுப்பை அணையவிடாமல் விறகு தள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். ஐந்தாம் நாள் வேன்கள் கிளம்பிப் போயின. போய்ப் பார்த்தபோது ஏரிக்கரையில் தென்னங்கீற்றோடு சேர்த்துப் பூண்டும் குவிந்து கிடந்தது. பதினெட்டும் நசநசவென்று அழுகியிருந்தன. பன்னிரண்டும் மின்னின. பழனிச்சாமி ஒரு கட்டைக் கையில் தூக்கி மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். அவள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அன்று யாரும் கை தட்டவில்லை.

சனிக்கிழமை ஏட்டு வேலுமணி உயிரோடு வந்து, குவியலைப் பார்த்தார். "காணாமப் போன பொருளு திரும்பக் கெடச்சிருச்சுல்ல?" என்று கேட்டு, புகாரை முடித்துவைத்தார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்தது. சோலையம்மாள் காட்டைத் தவிர எல்லோர் காட்டுக்கும் அது பயன்பட்டது.

சித்திரையில் படம் வெளிவந்தது. ஊரே இரண்டு மினி லாரியில் ஏறிப் பழனிக்குப் போயிற்று. மீன்காரியைப் பார்க்க வேண்டுமே! சோலையம்மாள் வரமாட்டேன் என்றாள். பழனிச்சாமிதான், "போனது போச்சு, உன் மூஞ்சியையாவது பாத்துட்டு வருவோம் வா," என்று இழுத்துக்கொண்டு போனான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஏரி கடலைவிட நீலமாக இருந்தது. நாயகன் துப்பு கிடைக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் சாப்பிட்டான். "ஐயையோ, போச்சே!" என்று சோலையம்மாள் அலறியபோது அரங்கமே விசிலடித்தது. பழனிச்சாமி திரும்பித் திரும்பிப் பார்த்துப் பெருமைப்பட்டான். அவளுக்கும், மறைத்து என்ன ஆகப்போகிறது, கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இறுதிக்காட்சி வந்தது. மதுக்கூடத்தின் நடுவில் நாயகன் நின்றான்.

"மாலை காணாமப் போன அன்னைக்கு எல்லாரும் பதறினீங்க. ஒருத்தி மட்டும் அளவுக்கு மீறிப் பதறினா. ஏன்? எப்பவும் என் பக்கத்துலயே நின்னவ இன்னைக்கு எங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். மேஜைமேல் ரப்பர் மீன் மட்டும் கிடந்தது. நாயகன் அதன் வயிற்றைக் கிழித்தான். உள்ளேயிருந்து முத்துமாலை நழுவி விழுந்தது.

"திருடி, மீன்காரி!"

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அவளை அடையாளம் கண்டு திரும்பிப் பார்த்தார்கள். "இந்தம்மாதான்டா! பாவம் மாதிரி இருந்துக்கிட்டு என்னா வேல பாத்திருக்கு!" என்றான் ஒருவன். பழனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். சோலையம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சடாரென்று எழுந்து, திரையைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"ஏய், என்னை ஏன்டா பாக்குறீக? அங்க பாருங்க! அவன் தலைக்கு மேல பாருங்க!"

அங்கே, நாயகனின் தலைக்கு மேல், பெரிய திரையில், தெள்ளத் தெளிவாக, முப்பது கட்டுப் பூண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் ஊதா முடிச்சு. கன்டினியூட்டி இம்மியும் பிசகவில்லை. களவாடிய பொருளைத் தலைக்கு மேலேயே கட்டித் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, பறிகொடுத்தவளையே திருடி என்று நிரூபிப்பது எல்லோராலும் முடிகிற காரியமா? அந்த அபாரத் திறமைக்கு அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அத்தனை பேர் எழுந்து நின்றதில், "உக்காரும்மா, மறைக்குது!" என்ற அதட்டல் மட்டும் சோலையம்மாளுக்குத்தான் கிடைத்தது.