செவுள் அங்கிளும் பச்சைச் சிப்பியும்

சிட்னியில் செத்த மீன்கள் அத்தனைக்கும் மரண விசாரணை நடத்திய ஒரே மனிதர் எங்கள் செவுள் அங்கிள்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் இருக்கும் பென்டில் ஹில் பகுதியில் தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. மீனைக் கண்டால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமத்திப் பார்ப்பார், பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். மீன் சந்தையில் ஒரு கடைக்காரர் இவரைத் தூரத்தில் கண்டதுமே சாப்பாட்டு நேரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அப்போது பொழுது சரியாக விடிந்திருக்காது.

மீன் தேறிவிட்டால் அடுத்தது சமையல். புளியும் தூளும் போட்டுக் கொதிக்க வைக்காத எதுவும் அவரைப் பொறுத்தவரை இன்னும் உயிரோடிருக்கும் பிராணி. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில் பச்சை மீன் வைத்த சூஷி பரிமாறினார்கள். அங்கிள் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சூஷி முழுவதும் பொரியலாகித் திரும்பி வந்தது. பிறந்தநாள்காரி அழுதாள். அவள் அப்பா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

இந்த மனிதரோடு பிரான்ஸ் போன கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முதல் என் மனைவி வசந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பொல்லாத நோய் ஒன்று வந்து, ஆபரேஷனும் மருந்தும் முடிந்து, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் சாப்பாடுதான் உள்ளே இறங்கவில்லை. சமையல் மணம் வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவாள். காய்ந்த பாணும் கஞ்சியும்தான் ஆகாரம். சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று. ஒரு நேரமாவது அவள் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதைக் காண மாட்டேனா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் அங்கிள் மீன்குழம்போடு வருவார். மணம் வெளியே வரக் கூடாதென்று சட்டியைத் துவாயில் சுற்றி, பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்திருப்பார். வசந்தி பின்வாசலுக்குப் போவாள். அங்கிள் சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார். அடுத்த சனிக்கிழமை வேறு மீனோடு வந்து நிற்பார்.

பாரிஸில் இருக்கும் வசந்தியின் தம்பி, இடம் மாறினால் மனமும் மாறும் என்று எங்களைக் கூப்பிட்டான். அங்கிளும் தன் செலவில் வெளிக்கிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க மீன் ஆர் பாத்து வாங்கிறது?" என்று திருப்பிக் கேட்டார்.

தம்பி எங்களைக் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குக் காரில் கூட்டிப்போனான். நீல யன்னல்கள் வைத்த பழைய உணவகம். முதலாளியம்மாவே பரிமாறினார். தம்பி அவரிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, காரை வேறிடத்தில் விட்டுவிட்டு வருவதாகப் போனான். அங்கேதான் வந்தது வினை.

பெரிய தட்டம் நிறைய ஐஸ். அதன்மேல் சிப்பி, இறால், பிளந்த நண்டு, நத்தை மாதிரி ஏதோ ஒன்று. இலங்கையில் நீர்கொழும்புக் கடற்கரை ஹோட்டல்களில் மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டுவார்கள், நாங்கள் தெரிந்தெடுத்துக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். இதுவும் அந்த வழக்கம்தான் என்று அங்கிள் முடிவு கட்டினார். நானும் ஆமோதித்தேன், எனக்கும் வேறென்ன தெரியும்?

விசாரணை தொடங்கியது. இறாலின் தலையை மணந்தார். நண்டின் ஓட்டைத் தட்டினார். சிப்பியில் எலுமிச்சம்புளி விட, அது சுருங்கியது. "உயிரோட கிடக்கு, நல்ல சாமான்" என்று எங்களுக்கு அறிவித்தார். முதலாளியம்மாவைக் கூப்பிட்டுப் பெருவிரலைக் காட்டி, அகப்பையால் கிளறுவது போல் கையைச் சுற்றி, கோட்டுப் பையிலிருந்து கறித்தூள் பக்கற்றை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா அதை மணந்து பார்த்து, பரிசு என்று நினைத்து நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் காத்திருந்தோம். தட்டத்தை எடுத்துப்போக யாரும் வரவில்லை. அந்த அம்மா பாண் கொண்டுவந்து வைத்தார், வெண்ணெய் வைத்தார், நாங்கள் தொடாததைப் பார்த்துக் கவலையோடு இன்னும் பாண் வைத்தார். சின்ன ஊசிகள் வந்தன. பல்லுக் குத்த முன்கூட்டியே தருகிறார்கள் என்று அங்கிள் மெச்சினார். அது நத்தையைக் குத்தி எடுக்க என்று பிறகுதான் தெரிந்தது. ஐஸ் உருகி மேசையில் ஓடத் தொடங்கியபோது தம்பி வந்தான். ஏன் ஒருவரும் சாப்பிடவில்லை என்று கேட்டான். இன்னும் சமைக்கவில்லையே என்றார் அங்கிள்.

"அங்கிள், இதுதான் சாப்பாடு. நண்டும் றாலும் அவிச்சது. சிப்பி பச்சை."

அங்கிளின் முகம் வெளுத்தது. எழும்பி, தட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்தார். குசினி எந்தப் பக்கம் என்று அவர் கண் தேடியது.

வசந்தி சிரித்துவிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு! கண்ணில் நீர் வரச் சிரித்தபடியே கையை நீட்டி, தூக்கப்போன தட்டத்திலிருந்து ஒரு நண்டுக் காலை எடுத்தாள். மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். "குளிரா இருக்கு. மணமே இல்லை" என்றாள். கடித்தாள். ஓடவில்லை.

அங்கிள் தட்டத்தை வைத்துவிட்டு மெல்லக் கதிரையில் இருந்தார். நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் தட்டைத் தள்ளினாள்.

"நீங்களும் சாப்பிடுங்கோ அங்கிள். தனிய எனக்கு ஏலாது."

அவர் நண்டை எடுக்கப் போனார். அதைத் தம்பி ஏற்கனவே அவளுக்கென்று ஒதுக்கிவிட்டான். இறால் என் பக்கம் இருந்தது, நகர்த்தும் புத்தி எனக்கு வரவில்லை. அவர் முன்னால் கிடந்தது சிப்பிதான். வசந்தியின் தட்டைப் பார்த்தார். சிப்பியைப் பார்த்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினார்.

அப்போதுதான் புத்தி வந்து நான் இறாலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கவனிக்கவே இல்லை. அவள் கை நின்றுவிடும் என்ற பயத்தில் அடுத்த சிப்பியை எடுத்துவிட்டார். அவள் ஒரு வாய் நண்டு, இவர் ஒரு சிப்பி. முகம் கோணியது, ஆனால் நிறுத்தவில்லை. "சாப்பிடு பிள்ளை, நல்லாத்தான் இருக்கு" என்று பொய் வேறு. நண்டும் சிப்பியும் தீர்ந்து தட்டத்தில் ஐஸ் தெரியும்வரை இருவரும் சாப்பிட்டார்கள். நான் அங்கிளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அந்த மனிதருக்கு வேறென்ன கைம்மாறு செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.