எல்லாரும் உட்கார்ந்தார்கள், பிரவுணியைத் தவிர

பிறருக்குப் பாடம் நடத்தியே பழகிப்போன ஆட்களை ஒருபோதும் மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குச் சொல்வதைக் கேட்கத் தெரியாது. பிழை விட்டால் அதைத் தாங்கவும் தெரியாது. நான் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவள். நாய்ப் பயிற்சி வகுப்பொன்றில் சேர்ந்த பிறகுதான், கடைசி வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு முதன்முதலாக இரக்கம் வந்தது.

நாயின் பெயர் பிரவுணி. நிறம் கறுப்பு. (இரத்தோட்டையில் இருக்கும் என் நாத்தனார், "குட்டி ஒண்ணு அனுப்புறேன்" என்று போனில் சொன்ன உடனேயே என் மகள் தர்ஷி பெயர் வைத்துவிட்டாள். குட்டி வந்து இறங்கிய பிறகு, நிறத்துக்காகப் பெயரை மாற்ற அவள் சம்மதிக்கவில்லை.) சாதாரண ஊர் நாய்தான். ஆனால் தெருவில் போகிற எல்லாரும் தன்னைப் பார்க்கத்தான் வீட்டை விட்டுக் கிளம்பி வருகிறார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

பக்கத்து வீட்டு முபாரக் ஹாஜியார் மாத்தளை டவுனில் மிளகு, கராம்புக் கடை வைத்திருப்பவர். தவணை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக ஜும்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கேட் சரியாகச் சாத்தப்படாமல் இருந்தது. பிரவுணி ஓடிப்போய் முன்னங்கால் இரண்டையும் அவருடைய மார்பில் வைத்து, நாடி வரைக்கும் நக்கி வரவேற்றுவிட்டாள். நாயின் எச்சில் பட்டால் கழுவி, உடுப்பு மாற்றித்தான் அவர்கள் தொழ முடியும். மனிதர் திரும்ப வீட்டுக்குப் போய், குளித்து, வேறு சாரம் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பின்னேரம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒண்டும் நெனச்சிக்க வாணாம் டீச்சர். அது பாசத்துல தான் பாயுது. கேட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். என் காதில் விழுந்ததோ வேறு. முழுப் பாடசாலையையும் அடக்குகிற டீச்சருக்கு ஒரு நாயை அடக்கத் தெரியவில்லையா என்று அவர் கேட்டதாகவே எனக்குப் பட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன்.

"கேட் கொண்டி லூசாகிக் கெடக்கு கலா. ஞாயித்துக்கெழம நான் பார்க்குறேன்" என்றார் என் கணவர் சிவா.

"கொண்டி இல்லங்க பிரச்சினை. ஒழுக்கம்" என்றேன்.

வகுப்பு சனிக்கிழமை காலைகளில், உக்குவளையில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு புல்வெளியில் நடந்தது. நடத்தியவர் எங்கோ பாதுகாப்பு வேலையில் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். எல்லாரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். கட்டளைகள் எல்லாம் இங்கிலீஷில்: சிட், ஸ்டே, கம். விளக்கம் சிங்களத்தில். பிரவுணிக்குத் தெரிந்ததோ தமிழில் "சோறு" என்ற ஒரே ஒரு சொல்.

முதல் நாளே எனக்குத் தெரிந்துபோனது, மாஸ்டர் நாய்களைத் திருத்துவதில்லை, நாய் வளர்க்கிறவர்களைத்தான் திருத்துகிறார் என்று. நான் "சிட்" என்றால் பிரவுணி மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். "கம்" என்றால் நாவுலையிலிருந்து வான் வண்டியில் வரும் குமாரி அக்காவிடம் போனாள். (குமாரி அக்காவின் அல்சேஷன், ரெக்ஸ், சொல்லாமலே உட்காரும். எங்கள் பாடசாலை வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும். மற்றப் பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கவே பிடிக்காது. இப்போதுதான் காரணம் விளங்கியது.)

"மிஸ், ஹய்யென்!" என்று மாஸ்டர் கத்துவார். இன்னும் பலமாகச் சொல்ல வேண்டுமாம். பலமாகச் சொன்னால், "கோபம் வேணாம் மிஸ்" என்பார். மெதுவாகச் சொன்னால் மறுபடி "ஹய்யென்!"

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அந்த வகுப்பில் கஜன் இருந்தான். என்னிடம் கணக்குப் படித்து, இப்போது வங்கியில் அதிகாரியாக இருப்பவன். ஒரு தடித்த லாப்ரடோரைக் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு காலத்தில் நான் கரும்பலகைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்த பிள்ளை. இப்போது என்னுடைய நிலையைப் பார்த்து, மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பழகிரும் டீச்சர், கவலப்படாதீங்க" என்று தைரியம் சொன்னான். அந்த வார்த்தையை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. நான் நாயின் கழுத்து வாரை இழுக்கிற விதம் சரியில்லையாம். வாரின் ஒரு நுனியை என்னுடைய மணிக்கட்டில் கட்டினார். மறு நுனியைத் தான் பிடித்துக்கொண்டார்.

"மிஸ், இப்ப நீங்க நாய். நான் மிஸ்."

புல்வெளியை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார். இழுத்தால் நிற்க வேண்டும், தளர்த்தினால் நடக்க வேண்டும். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நான் அவர் பின்னால் ஓடினேன். குமாரி அக்கா, "ஐயோ பாவம்" என்று சிங்களத்தில் சொன்னார். கஜன் மலைப் பக்கம் திரும்பி நின்று இயற்கையை ரசித்தான். அவனுடைய தோள் இரண்டும் குலுங்கின. பிரவுணி மட்டும் என்னோடு கூடவே ஓடி வந்தாள், அம்மாவும் ஒருவழியாக நம் ஜாதியில் சேர்ந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில்.

அதன் பிறகு சனிக்கிழமை விடிந்தால் எனக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. கணக்குச் சோதனை அன்று பிள்ளைகளுக்கு வரும் அதே வலி. அதை இத்தனை காலமும் நடிப்பு என்று நம்பியிருந்தேன். பிரவுணியும் வாரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கினாள். சோறு வைத்தாலும் வரமாட்டாள். நான் கட்டிலுக்கு மேலே, அவள் கீழே. இரண்டு பேருமே காலைச் சாப்பாடு சாப்பிடாமல் கிடப்போம்.

"விட்டுத் தொலையேன் கலா" என்றார் சிவா. "ஒன்னயும் பார்க்கச் சகிக்கல, நாயையும் பார்க்கச் சகிக்கல."

விட்டிருப்பேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தர்ஷி.

அவள் அப்போது உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சேர்த்துவிட்டேன். (கணக்கு டீச்சரின் மகள் வேறு எதைப் படிப்பாள்?) நான் நாய் வகுப்பில் சேர்வதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், "அம்மா, எனக்கு இது ஒத்து வரல. கலைப் பிரிவுக்கு மாறுறேன், சித்திரம் செய்றேன்" என்று கேட்டிருந்தாள். நான் ஒரு பிரசங்கமே செய்தேன். "நம்ம வீட்டுல எடுத்த காரியத்த பாதியில விடுற பழக்கம் கிடையாது" என்று முடித்தேன். ஏதோ ஏழு தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் விட்டதே இல்லை என்பது போல. (சிவா மிருதங்கம், யோகா, கோழி வளர்ப்பு ஆகிய மூன்றையும் பாதியில் விட்டவர். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.)

ஆகையால் நான் வகுப்பை விடுவது வெறும் வகுப்பை விடுவது இல்லை. தர்ஷிக்கும் அது தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் நின்று, "என்னம்மா, இன்னிக்கும் போறீங்களா?" என்று மிக அன்பாகக் கேட்பாள்.

"போகாம? ஏன் போகாம?" என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து பிரவுணியை இழுப்பேன்.

கடைசியில் ஒரு வாரம் முடிவு செய்தேன். மாஸ்டரிடம் முதுகு வலி என்று சொல்லிவிடுவது. வைத்தியர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டாராம். நோய் வந்தால் விட்டதாகக் கணக்கில் வராது. பொய்யைச் சிங்களத்தில் அழகாக ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டேன். புறப்படும்போது தர்ஷி செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

"நீ எங்க?"

"சும்மா தான். நீங்க படிக்கிறத பார்க்க."

போய் இறங்கியதும் வாயைத் திறக்கவே மாஸ்டர் விடவில்லை. அன்றைக்குப் பரீட்சையாம். நாய்களை வரிசையாக உட்கார வைத்து, "ஸ்டே" சொல்லிவிட்டு, நாங்கள் எல்லாரும் வார்களை விட்டுவிட்டுப் புல்வெளியின் அடுத்த மூலைக்கு நடக்க வேண்டும். தர்ஷி வேலிப் பக்கம் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அதிசயமாக, பிரவுணி அன்றைக்கு உட்கார்ந்தாள். நான் நடக்க நடக்க உட்கார்ந்தே இருந்தாள். முதுகு வலியை இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போடலாமா என்று கூட ஒரு யோசனை வந்தது.

அப்போதுதான் மாத்தளை ரயில் வந்தது. புல்வெளிக்குப் பக்கத்தில் வந்து நீட்டி ஒரு ஹோர்ன் அடித்தது.

முதலில் ஓடியது ரெக்ஸ். அந்த ஒழுக்கசீலன் குமாரி அக்காவின் சாப்பாட்டுப் பையைக் கவ்விக்கொண்டு ஓடினான். லாப்ரடோர் ரயிலைத் துரத்தியது, பிரவுணி லாப்ரடோரைத் துரத்தினாள், கஜன் பிரவுணியைத் துரத்தினான். மாஸ்டர் மூன்று மொழியிலும் கத்தினார். ரயில் பாதைக்கும் நாய்களுக்கும் நடுவில் ஒரு பழைய முள்ளுக்கம்பி வேலி மட்டும்தான். சிட், ஸ்டே எல்லாம் மறந்துபோயின. அடிவயிற்றிலிருந்து, தவணைப் பரீட்சை மண்டபத்தை அடக்கும் குரல் தானாகக் கிளம்பி வந்தது.

"எல்லாரும் உட்காருங்க!"

கஜன் உட்கார்ந்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்தவன், பனி ஈரம் காயாத புல்லில், சப்பாத்தும் காற்சட்டையுமாக, சம்மணம் போட்டு, கையைக் கட்டி உட்கார்ந்தான். தமிழ் தெரியாத குமாரி அக்கா உட்கார்ந்தார். ரெக்ஸும் லாப்ரடோரும் நின்ற நின்ற இடத்தில் குந்தின. மாஸ்டருக்குக் கூட முழங்கால் பாதி மடங்கிவிட்டது, நான் கண்ணால் கண்டேன்.

பிரவுணி மட்டும் உட்காரவில்லை. திரும்பி என்னை நோக்கிப் பறந்து வந்தாள். தெரிந்த குரல் கேட்ட சந்தோஷம். முன்னங்கால் இரண்டையும் என் தோளில் வைத்தாள். நான் அப்படியே பின்பக்கமாகச் சேற்றில் விழுந்தேன். முதுகு உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் ஓடி வந்து தூக்கிவிட்டார். "மிஸ், சரியான குரல்! இதைத் தான் நான் இவ்வளவு நாளும் கேட்டது. அடுத்த கிழமை வாங்க, சேர்ட்டிபிகேட் எடுக்கலாம்."

ஒத்திகை பார்த்த பொய்க்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கையை இடுப்பில் வைத்தால் போதும். ஆனால் பிரவுணி என்னை ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ரயிலுக்கா, மாஸ்டருக்கா என்று தெரியவில்லை. அவளை அப்படிப் பார்த்த பிறகு முதுகைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல மாஸ்டர்" என்றேன். "நான் இனி வரல. இவளுக்கு இது பிடிக்கல. எனக்கும் பிடிக்கல."

பிடிக்கவில்லை என்பதை ஒரு காரணமாக நான் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தடவை. மாஸ்டர் குனிந்து பிரவுணியின் தலையைத் தடவிவிட்டு, "நல்ல நாய் மிஸ்" என்றார். நல்ல மனிதர்தான், பாவம்.

ஓட்டோவில் திரும்பும்போது சேறு காய்ந்து என் சேலை முறுகிக் கிடந்தது. தர்ஷி பிரவுணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அம்மா, நான் ஒண்ணு கேக்கவா?"

"கேக்காத. தெரியும்."

"அப்போ?"

"திங்கக்கெழம உங்க பிரின்சிபல போய்ப் பார்ப்போம்."

அவள் என் சேற்றுத் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. முதுகு வலி என்று சொல்லிச் சமாளித்தேன். (இப்போது அவள் சித்திரமும் புவியியலும் படிக்கிறாள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளின் கணக்குப் புள்ளிகளைக் கேட்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் எரியும். பொய் சொல்ல மாட்டேன்.)

ஹாஜியாரிடம் போய், வகுப்பை விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன வகுப்பு டீச்சர்? நான் கேட்டப் பத்தித் தானே செல்லினேன்?"

அன்று பின்னேரமே சிவா கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் பூட்டினார். கேட் தானாகச் சாத்திக்கொண்டது. மொத்த வேலையும் ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

கஜன் அந்தக் கதையை வங்கியில் சொல்லி, வங்கி மாத்தளை டவுனுக்குச் சொல்லிவிட்டது. இப்போது வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அப்பாவும் மகளும் நின்ற இடத்திலேயே சம்மணம் போட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

போன ஆவணியில் நாத்தனார் மகனுக்கு இரத்தோட்டையில் கல்யாணம். மாலை மாற்றுகிற நேரம், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் மேடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. பின்னால் இருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நாத்தனார் என்னிடம் ஓடி வந்தார். "அண்ணி, நீங்க ஒரு சத்தம் போடுங்க அண்ணி!"

போட்டேன்.

கூட்டம் உட்கார்ந்தது. போட்டோக்காரர் உட்கார்ந்தார். நாதஸ்வரம் பாதியில் நின்றது. மேடையில் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்துவிட்டான். அந்த மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது மணப்பெண் ஒருத்தி மட்டும்தான். மாலையைக் கையில் பிடித்தபடி, யார் இந்த அம்மா என்பது போல என்னையே நேராகப் பார்த்தாள்.

சிவா என் காதருகில் குனிந்தார்.

"நல்ல பொண்ணு கலா. நம்ம பிரவுணி மாதிரி."