ஈட்டியப்பரும் இரண்டு கரண்டி வெண்காரமும்

ஒரு காட்டில், அங்கே பள்ளிக்கூடம் வந்த பிறகு, ஈட்டியப்பர் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். நல்லவர். ஆனால் எதையும் சொன்ன அளவில் செய்யமாட்டார், பாதிதான் செய்வார். குழம்புக்கு இரண்டு சிட்டிகை உப்பு என்றால் ஒன்று போதும் என்பார். ஆறு நாள் சாப்பிட வேண்டிய மருந்தை மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார். எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் எழுதுவார்கள் என்பது அவர் கட்சி. அவர் மனைவி சில்லாயி ஒன்பது ஆண்டுகளாக உப்புக் குறைந்த குழம்பைச் சாப்பிட்டு வந்தார்.

அவர்கள் மகள் நுனி நான்காம் வகுப்பு படித்தாள். அந்தப் பள்ளியில் 'வீட்டிலேயே செய்து பார்' என்று ஒரு பாடம் உண்டு. பிள்ளைகளே செய்ய வேண்டும்; பெற்றோர் கை பட்டால் பூஜ்யம். எல்லா வீட்டிலும் பெற்றோர்தான் செய்தார்கள், ஆனால் வெளியே தெரியாமல் செய்தார்கள். ஈட்டியப்பருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நுனியின் காற்றாடியில் அவருடைய முள் ஒன்று செருகியிருந்தது. எரிமலையின் அடியில் அவர் கையெழுத்தே இருந்தது. இரண்டுக்கும் பூஜ்யம். மூன்றாவதும் பூஜ்யமானால் நுனி மறுபடியும் நான்காம் வகுப்பிலேயே உட்கார வேண்டும்.

மூன்றாவது பாடம் காந்த ஸ்லைம். அதாவது கூழுக்கும் ரப்பருக்கும் நடுவில் நெளிகிற ஒரு பொருள். காந்தத்தைக் காட்டினால் அதை நோக்கி ஊர்ந்து வரும். திருவிழாவுக்கு வந்த மனிதர்கள் போட்டுவிட்டுப் போன ஒலிபெருக்கியை உடைத்து நுனி காந்தம் எடுத்தாள். அதை எட்டு நாள் ஆற்று மணலில் உருட்டி, ஒட்டிய கறுப்புத் தூளை ஒரு சிரட்டை நிறையச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பசையையும் தண்ணீரையும் கலந்து, தூளைக் கொட்டிக் கிளறினாள். மிச்சம் இருந்தது வெண்காரம் கரைத்த நீர் மட்டும். அதை அளக்கக் கரண்டி எடுத்துவர உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அப்பா கிண்ணத்துக்குமேல் குனிந்திருந்தார்.

"நாலு கரண்டின்னு போட்டிருக்குப்பா."

"ரெண்டே போதும். ஊத்திட்டேன்."

வெண்காரம் குறைந்தால் ஸ்லைம் இறுகாது, தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். இறுகிவிட்டதா என்று பார்க்க ஈட்டியப்பர் வாலை உள்ளே விட்டார். வால் வரவில்லை. உதறினார். கிண்ணம் எழும்பி அவர் முதுகில் கவிழ்ந்தது. எட்டு நாள் சேர்த்த தூள் அத்தனையும் இப்போது அவர் முட்களுக்கு நடுவில் இருந்தது. சில்லாயி வெந்நீர் ஊற்றித் தேய்த்தும் இம்மியும் நகரவில்லை.

நுனி அழவில்லை. அப்பாவைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தாள். பிறகு காந்தத்தை எடுத்து அவர் முதுகுப் பக்கம் காட்டினாள். ஈட்டியப்பர் 'ஸ்ஸ்' என்றபடி பின்னால் நகர்ந்தார். இந்த இடத்தில் சரியாகச் சொல்ல வேண்டும்: காந்தம் அவரை இழுக்கவில்லை. அது தூளை இழுத்தது, தூள் முள்ளை இழுத்தது, முள் வலித்தது, அவர் நடந்தார்.

மறுநாள் பள்ளி வாசலில் காவலுக்கு இருந்த ஆமை வழி மறித்தது. பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை என்றது.

"இவர் பெற்றோர் இல்லீங்க தாத்தா. இதான் என் செய்முறை," என்றாள் நுனி.

ஆமை நோட்டைப் புரட்டியது. அதில் 'ஆள்', 'பொருள்' என்று இரண்டே பத்திகள். நெடுநேரம் யோசித்து, பொருள் எண் பதினான்கு என்று எழுதிக்கொண்டது. "ஆனா பாப்பா, இது வாயைத் திறந்தா ஆள் பத்திக்கு மாத்திடுவேன்."

உள்ளே பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முயல் குட்டி தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது என்ன என்று பக்கத்தில் இருந்த மானிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை நாரை பதினான்காம் எண்ணிடம் வந்தார். இது ஏன் நகர்கிறது என்று கேட்டார். ஸ்லைம் காந்தம் இல்லை என்றும், அதற்குள் இருக்கும் இரும்புத் தூளைத்தான் காந்தம் இழுக்கிறது என்றும் நுனி சொன்னாள். ஈட்டியப்பருக்கு இதில் சேர்த்துச் சொல்ல நிறைய இருந்தது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டார்.

"வெண்காரம் எத்தனை கரண்டி?"

"நாலு விடணும் டீச்சர். ரெண்டுதான் விட்டது. அதான் ஒட்டுது."

"ஏன் ரெண்டு?"

இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க ஈட்டியப்பரால் முடியவில்லை. "ரெண்டே போ..." என்று ஆரம்பித்தார். நுனி காந்தத்தை அவர் பின்னால் கொண்டுபோனாள். ஈட்டியப்பர் ஆறடி பின்னால் போனார்; வாக்கியம் பாதியில் நின்றது.

நாரை கழுத்தை நீட்டினார். "அது என்ன சத்தம்?"

"காத்து டீச்சர். ஸ்லைமுக்குள்ள மாட்டிக்கிட்டா அப்படித்தான் வெளியே வரும்."

நாரை தலையாட்டி எழுதிக்கொண்டார். முதல் பரிசு நுனிக்குத்தான். காரணமாகக் கீழே குறித்திருந்தார்: 'இத்தனை ஆண்டுகளில் தந்தையின் தலையீடு துளியும் இல்லாத ஒரே செய்முறை.' நுனி ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

பரிசு பெற்ற பொருளை ஓராண்டு பள்ளியின் கண்ணாடி அலமாரியில் வைப்பது அந்தக் காட்டு வழக்கம். வீட்டார் ஒப்புதல் வேண்டும் என்று படிவம் வந்தது. சில்லாயி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பாதியாக அல்ல, முழுப் பெயரும் போட்டார்.

இப்போது நுனி தினமும் மதியம் அலமாரியைத் திறந்து அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கிறாள். குழம்பில் உப்பு இரண்டு சிட்டிகை. ஈட்டியப்பர் வாயைத் திறப்பார். ஆமை நோட்டை எடுக்கும். அவர் சாப்பிடுவார்.

நீதி: பிள்ளைகளின் செய்முறையில் கையை மட்டும் வைக்காதீர்கள், பூஜ்யம்தான் கிடைக்கும். வைப்பதானால் முழு உடம்பையும் வையுங்கள்.