சமன்பாட்டுக்குப் பொழிப்புரை

என் இல்லாள் பள்ளியிறுதித் தேர்வில் தேறாமல் பார்த்துக்கொள்வது என்று ஒரு காலைப் பொழுதில், வழிபாடு முடிந்த கையோடு, உறுதி பூண்டேன். வழிபாட்டுக்கும் அந்த உறுதிக்கும் தொடர்பில்லை. இறைவனிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பான். ஆகவே கேட்கவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற நாள் தொட்டு, பக்திப் பனுவல்களைப் படித்து அவளுக்குப் பொருள் சொல்வதே என் பணி. காலையில் சமையலறை வாசலில் நின்று பதவுரை. அவள் பால்கனியில் துணி உலர்த்துகையில் பொழிப்புரை. மதியம் அவள் சற்றே கண்ணயரும்போது தலைமாட்டில் அமர்ந்து விசேட உரை. இப்படியொரு பேறு எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்? அவளும் ஒரு சொல் மறுத்துப் பேசியதில்லை. பேச இடம் கிடைத்ததில்லை என்பது வேறு.

அப்படிப்பட்டவள்தான் அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, நான் பள்ளிக்கூடப் பரீட்சை எழுதப் போறேன். கெமிஸ்ட்ரி.”

“இந்த வயசுலயா?”

“பரீட்சைக்கு வயசு தெரியாதுங்க. பாஸ் பண்ணினா தெருமுனை மருந்துக்கடையில வேலை. காலையில போனா சாயங்காலம்தான் வருவேன்.”

“அப்ப நான்?”

“நீங்க நிம்மதியாப் படிங்க. குறுக்க யாரும் வரமாட்டாங்க.”

எனக்குக் கண் இருண்டது. குறுக்கே வர ஆளில்லை என்றால், கேட்கவும் ஆளில்லை என்றுதானே பொருள்? கேட்பாரற்ற வீட்டில் நாற்காலிக்கும் சுவருக்குமா நான் உரை சொல்வது?

உடனே என் திட்டம் உருவாயிற்று.

“நானே சொல்லித் தரேன்” என்றேன். “நான் கல்லூரியில வேதியியல் படிச்சவன், தெரியுமில்ல?”

“தெரியும். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே. அதுல எழுத்து மங்கிப் போச்சு, உங்களுக்கு எப்படியோ!”

எனக்கும் அப்படித்தான். ஆனால் திட்டத்துக்குக் கல்வி வேண்டும். பிழையானதைச் சொல்லிக் கொடுப்பது பாவம். சரியானதையே எவருக்கும் புரியாதபடி சொல்லிக் கொடுப்பது பாவமென்று நான் படித்த எந்த நூலிலும் இல்லை. ஆகவே சரியானது எது என்று முதலில் எனக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய புத்தகக் கடையில் பள்ளி வேதியியல் நூலொன்றை வாங்கிவந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்தேன்.

அணு, தனிமம், சேர்மம், கலவை. அமிலம், காரம், உப்பு. பதிவு அலுவலகத் தூசியில் புதைந்துபோனவை யாவும் ஒவ்வொன்றாய் எழுந்து வந்து வணங்கின. கண்ணுக்குத் தெரியாத அணுவுக்குள் ஒரு கரு. கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள். எதிரும் நேரும் ஒன்றையொன்று தேடும் வேட்கை. இத்தனை காலம் இறைவனைப் பனுவல்களில் மட்டுமே தேடியிருக்கிறேனே என்று நெஞ்சு விம்மியது. பிறகு திட்டம் நினைவுக்கு வர, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருப்பவற்றுள் மிகக் கடினமான பாடத்தை முதல் நாளுக்குத் தேர்ந்தெடுத்தேன்.

உணவு மேசையில் வகுப்பு. அவளுடன் இன்னொரு பெண்மணியும் அமர்ந்திருந்தாள். தடித்த கண்ணாடி, விறைப்பான பருத்திப் புடவை.

“என் பள்ளித் தோழி. இவளும் கெமிஸ்ட்ரியில என்னை மாதிரிதான்” என்றாள் இல்லாள்.

ஒரு கல்லில் இரண்டு தலைகள் என்று மகிழ்ந்து, தொண்டையைச் செருமினேன்.

“மோல் எனப்படுவது, பன்னிரண்டு கிராம் கார்பனில் எத்தனை அணுக்கள் உளவோ, அத்தனை துகள்களைத் தன்னகத்தே கொண்ட பொருளின் அளவு ஆகும்.”

இருவரும் விழித்தார்கள். என் உள்ளம் குளிர்ந்தது. அப்போது இல்லாள் தோழியின் பக்கம் குனிந்து, எனக்கு நன்றாகக் கேட்கும் இரகசியக் குரலில் சொன்னாள்:

“பாவம்டி. அவருக்கே புரியலை போல.”

ஐயா, உரைகாரனிடம் எதையும் சொல்லலாம், அதைச் சொல்லலாமா?

“யாருக்குப் புரியலை?” என்றேன். “டஜன்னா என்ன?”

“பன்னிரண்டு.”

“ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு டஜன் பூசணிக்காயும் ஒரே எடையா?”

“எப்படிங்க இருக்கும்?”

“எண்ணிக்கை?”

“ஒண்ணுதான்.”

“அதேதான் மோல்! அணுவை ஒவ்வொண்ணா எண்ண முடியாது. அதனால மொத்தமா ஒரு பெரிய டஜன் வச்சுக்கிட்டான் மனுஷன். எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு மோல்ல எண்ணிக்கை அதே. எடைதான் வேற வேற.”

தோழி மெல்லத் தலையசைத்தாள். அப்போதுதான், நான் விளக்கிவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது.

நாள்தோறும் இதே கதைதான். இருளைக் கொடுக்கவென்று போவேன். “அவருக்கே புரியலை” என்பாள். விளக்கேற்றிவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் சமன்பாட்டைச் சமப்படுத்தும் பாடம் வந்தது. வறண்ட பாடம், இதிலாவது தடுக்கி விழுவார்கள் என்றிருந்தேன். பழக்கம் யாரை விட்டது? கரும்பலகையாக வைத்திருந்த அட்டையில் சமன்பாட்டை எழுதியதுமே, ஒரு பாடலைப் பிரிப்பதுபோல அதைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

“முதல்ல பதம் பிரிக்கணும். ஹைட்ரஜன் தனியா வராது, ஜோடியாத்தான் வரும். ஆக்சிஜனும் அப்படியே. ரெண்டும் சேர்ந்தா தண்ணி. ஆனா ஒரு தண்ணி மூலக்கூறுக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் போதும்.”

“அப்ப ஜோடியில மிச்சம் இருக்கற ஆக்சிஜன் எங்க போகும்?” என்றாள் தோழி.

“அதுதான் நயம்! அதைத் தவிக்க விடலாமா? அதுக்கும் ஒரு ஜோடி ஹைட்ரஜன் கொடு. இந்தப் பக்கம் ரெண்டு ஜோடி ஹைட்ரஜன், ஒரு ஜோடி ஆக்சிஜன். அந்தப் பக்கம் ரெண்டு தண்ணி. வந்தது அத்தனையும் இருக்கு பாரு. எதுவும் அழியலை; இடம்தான் மாறிச்சு.”

“துவைக்கப் போடற சாக்ஸ்ல ஒண்ணு மட்டும் அழிஞ்சு போகுதே, அது எப்படிங்க?” என்றாள் இல்லாள்.

“அது வேதியியல் இல்லை.”

தோழி சிரிக்கவில்லை. எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. ஜவுளிக் கடையில் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பவளைப்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாள் வந்தது. என் திட்டம் தவிடுபொடி. இவள் தேறிவிடுவாள், மருந்துக்கடைக்குப் போய்விடுவாள், என் உரைகள் அநாதையாகும் என்று மனம் நொந்து கூடத்துக்கு வந்தேன். இல்லாள் சாவகாசமாகச் சன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தாள். தோழி நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

“கிளம்பலையா? பரீட்சை?”

“அது முடிஞ்சு போச்சுங்க. நீங்க பாஸ்.”

“நானா?”

தோழி எழுந்து கைகூப்பினாள். “சார், நான் பக்கத்துத் தெருவில டுடோரியல் நடத்தறேன். எங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் திடீர்னு வேலையை விட்டுட்டுப் போயிட்டார். பாதி வருஷம் ஆச்சு, பசங்களுக்கு அடிப்படையே தெரியலை. வேலை கேட்டு வந்தவங்க எல்லாம் புத்தகத்தை அப்படியே ஒப்பிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்றீங்க. நாளையிலேர்ந்து வந்துடுங்க.”

நான் இல்லாளை நோக்கினேன்.

“வேலைக்குப் போங்கன்னா போயிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“நான் போறேன்னேன். கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சீங்க.”

“அப்ப உன் கெமிஸ்ட்ரி?”

“அது அந்தக் காலத்துலயே பாஸ். ஒரு நாளாவது கேட்டீங்களா?”

உண்மையாகவே கேட்டதில்லை.

“என் பனுவல்கள்?” என்றேன் கடைசியாக. குரல் எனக்கே பரிதாபமாக ஒலித்தது.

“வகுப்பு நிறையப் பசங்க இருக்காங்க. நடுவுல எழுந்து போகவும் முடியாது. ஹாஜர் எடுப்பாங்க.”

போனேன். பெஞ்சுகள் நிறைந்த அறையில் முதல் வகுப்பு எடுத்தேன். பின்வரிசையில் ஒருவன்கூடக் கண்ணயரவில்லை. நெஞ்சு நிறைந்து மாலையில் வீடு திரும்பினேன். பகல் முழுதும் என் குரலின்றி இவள் எப்படி வாடியிருப்பாளோ என்ற இரக்கம் வழியெல்லாம் பெருகியது.

வீடு அமைதியாக இருந்தது. என் சாய்வு நாற்காலியில், கையில் தேநீரோடு, மடியில் என் பனுவலோடு அவள் அமர்ந்திருந்தாள். பாதி நூல் தாண்டியிருந்தது. முகத்தில், நான் அதுவரை கண்டிராத ஒரு தெளிவு.

உருகிப்போனேன். “எந்தப் பாட்டுல சந்தேகம்னு சொல்லும்மா. இப்பவே விளக்கறேன்.”

அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

“சந்தேகமே இல்லைங்க. நீங்க விளக்கும்போதுதான் இருந்துச்சு.”