ஏற்கெனவே இங்கே இருப்பவர்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காமல் பல்லாயிரம் ஆண்டுகள் வீணாகப் போயின. அந்தக் குறையை ஒரே தீர்மானத்தில் தீர்த்து வைத்தது ஓஹையோ மாநிலத்து டோலன் நகரசபை.

'அமர்ந்து உண்ணும் புதிய உணவகங்களை ஈர்க்கும் ஊக்கத்தொகைத் திட்டம்' என்பது அதன் திருநாமம். வெளியூரிலிருந்து யாராவது வந்து, மேசை நாற்காலி போட்டு, பரிமாற ஆள் வைத்து, பீங்கான் தட்டில் சாப்பாடு கொடுத்தால், நகரசபை இரண்டரை லட்சம் டாலர் கொடுக்கும். ஐந்து வருடம் சொத்து வரி என்ற பேச்சே எடுக்காது. திறப்பு விழாவுக்கு மேயர் ஹால்ஸ்டெட்டே வந்து, ஆள் உயரக் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டுவார். கத்தரிக்கோல் வாங்கியாகிவிட்டது. உணவகம்தான் பாக்கி.

இவ்வளவு பெரிய சிந்தனை எந்த இடத்தில் உதித்தது என்று வருங்காலச் சரித்திரக்காரர்கள் தேடி அலையக் கூடாது. வெர்னா கோஸ்லிக்கின் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர மேசையில் உதித்தது. நகரசபையின் ஏழு உறுப்பினர்களும் வறுத்த கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டே, "நம்ம ஊர்ல நிம்மதியா உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் இல்லையே!" என்று மனம் நொந்தார்கள். நொந்த மனத்துக்கு மேயர், செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' இன்னொரு துண்டு கேட்டார். கொண்டுவந்து வைத்தவள் வெர்னா.

அறுபத்தொரு வயது வெர்னா இருபத்தேழு வருடங்களாக அந்தக் கடையை நடத்துகிறாள். பதினான்கு மேசை. அந்த வசந்தத்தில் ஆறாம் மேசைக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. அதனால் ஆறாம் மேசையில் ஒரு வாளி நிரந்தர வாடிக்கையாளராக உட்கார்ந்திருந்தது. கட்டட ஆய்வாளர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், இரண்டு முட்டையும் காபியும் சாப்பிட்டார், அக்டோபருக்குள் கூரையை மாற்றாவிட்டால் கடைக்குப் பூட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கூரைக்காரர் கேட்டது முப்பத்தெட்டாயிரம். வெர்னாவிடம் இருந்தது வாளி.

அப்போதுதான் ஊர் வாரப் பத்திரிகையில் திட்டத்தைப் பற்றி வந்தது. வெர்னா அதை இரண்டு முறை படித்தாள்.

"நோரீன், இங்க பாரேன். மேசை, நாற்காலி, பரிமாற ஆளு. எல்லாம் நம்மகிட்ட இருக்கில்ல?"

பத்தொன்பது வருடமாக அங்கே பரிமாறும் நோரீன் எட்டிப் பார்த்தாள். "இருக்கு. ஆனா 'புதிய'ன்னு போட்டிருக்காங்களே."

"கூரை மாத்தினா புதுசுதானே?"

"உன்கிட்ட தினம் சாப்பிடறவங்கதானே, கேட்டுப் பாரு. இல்லேன்னா சொல்லப்போறாங்க?" என்றாள் நோரீன். நகரசபையை அவள் அவ்வளவு குறைவாக மதிப்பிட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் வெர்னா ஒலிவாங்கி முன் நின்றாள். "மனுதாரருக்கு மூன்று நிமிடம்" என்றார் மேயர். அன்று மதியம்தான் "வெர்னா கண்ணு, இன்னும் கொஞ்சம் காபி" என்று கேட்ட வாய் அது. சுவரில் சிவப்பு எண்கள் குறைய ஆரம்பித்தன.

"எனக்கு இரண்டரை லட்சம் வேண்டாம். கூரைக்கு முப்பத்தெட்டாயிரம் குடுங்க போதும். மிச்சத்தை வேற யாருக்காவது குடுங்க."

பொருளாதார வளர்ச்சி இயக்குநர் ட்ரெவர் லிண்ட்க்விஸ்ட் கனிவோடு எழுந்தார். கனிவு அவருடைய பதவியின் அங்கம்.

"மேடம், திட்டத்தோட நோக்கமே ஈர்க்கிறது. உங்களை எப்படிங்க ஈர்க்கிறது? நீங்கதான் ஏற்கெனவே இங்க இருக்கீங்களே!"

"இருக்கிறது தப்பா?"

"தப்புன்னு யார் சொன்னா? தகுதிக் குறைவு."

"இருபத்தேழு வருஷமா இருக்கேன் சார்."

"அதான் பாருங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னா ஏதாவது வழி பண்ணலாம்."

ஆதாரமில்லாமல் பேசுபவர் அல்லர் லிண்ட்க்விஸ்ட். தொண்ணூறாயிரம் டாலர் கொடுத்து வரவழைத்த சிகாகோ ஆலோசகரின் அறிக்கையைப் புரட்டினார். நானூறு பேரிடம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதில், முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேர் வெர்னா கடை என்றார்களாம். 'மக்களுக்கு வேறு இடமே தெரியவில்லை. நிலைமை கவலைக்கிடம்' என்று முடிவு. ஆலோசகர் அந்த முடிவுக்கு வர மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் அவர் சாப்பிட்டது ஒன்பதாம் மேசையில்.

"அப்போ நான் வெளியூர்க்காரியா இருந்தா?" என்றாள் வெர்னா.

லிண்ட்க்விஸ்ட்டின் முகம் மலர்ந்தது. "அடடா! ஹைஸ்கூல் பேண்டு வாத்தியத்தோட எதிர்கொண்டு அழைப்போமே!"

மணி அடித்தது. "நன்றி. அடுத்த மனுதாரர்" என்றார் மேயர்.

டோலன் நகரின் தெற்கு எல்லை ஏழாம் எண் சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் வெர்னாவின் கடை. அந்தப் பக்கம் பைக் என்ற தனி ஊராட்சி. அங்கே ஒரு பழைய கம்பளக் கடை காலியாகக் கிடந்தது. குறைந்த வாடகை, ஒழுகாத கூரை. செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, வெர்னாவும் நோரீனும் ஊர்த் தீயணைப்புக்காரர்களும் பதினான்கு மேசைகளையும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். நாற்பது நிமிடம் போக்குவரத்து நின்றது. மேயரும் ஓடி வந்தார். செர்ரி 'பை' வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் கீறல் விழாமல் தாங்கிப் பிடித்து, நகரின் நலனைக் காத்தார். திங்கட்கிழமை மதியம் முதல் நகரசபை சாலையைக் கடந்து சாப்பிட்டது.

நகரசபை சும்மா இருந்துவிடவில்லை. எல்லைக்குள் ஒரு கட்டடம் காலியானதும் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 'ஈர்ப்புக்கு முந்தைய மேம்பாடு' என்ற பிரிவின் கீழ் நவம்பரில் வேலையில் இறங்கியது.

"வெர்னா! நம்ம பழைய கடை மேல ஆளுங்க ஏறியிருக்காங்க!" என்று கத்தினாள் நோரீன்.

வெர்னா காபிக் கூஜாவோடு ஜன்னலருகே வந்தாள். பதினொரு பேர் கூரையைப் பிரித்துப் புதுசாக வேய்ந்துகொண்டிருந்தார்கள். ஆறாம் மேசை இருந்த இடத்துக்கு நேர் மேலே ஒருவன் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தான். யாரோ காபி கேட்டார்கள். வெர்னாவுக்குக் காதில் விழவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பதினொரு பேரும் இறங்கி, சாலையைக் கடந்து வந்து, அவளிடமே சாப்பிட்டுவிட்டுப் போய் மறுபடி ஏறினார்கள்.

மார்ச் மாதம் லிண்ட்க்விஸ்ட் நீலக் கோப்போடு வந்தார். ஒன்பதாம் மேசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கோப்பைத் திறந்தார்.

"மிஸ் கோஸ்லிக், எல்லைக்கு வெளியே மிகச் சிறப்பா நடக்கிற ஒரு உணவகத்தை எங்க குழு அடையாளம் கண்டிருக்கு."

"எதை?"

"இதை."

நோரீன் பின்னால் ஏதோ தட்டைக் கீழே போட்டாள்.

"இடம்கூடத் தயாரா இருக்குங்க. எதிர்லயே. புத்தம்புதுக் கூரை!" என்று ஒரு வழவழப்பான காகிதத்தை நீட்டினார். அதில் அவளுடைய பழைய கடை, வெயிலில் பளபளத்தது. வெர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தாள்: "'அருமையான அமைவிடம். முன்பு இருந்தவருக்குப் பராமரிக்கும் திறன் போதவில்லை.'"

"அது ஆலோசகர் எழுதினதுங்க" என்றார் லிண்ட்க்விஸ்ட், தண்ணீர் குடித்தபடி.

"இருபத்தேழு வருஷம் அங்கேதானே இருந்தேன். அப்ப கண்ணுக்குத் தெரியலையா?"

"ரொம்பப் பக்கத்துல இருந்தீங்க."

"சரி, இப்ப வர்றேன்னு வெச்சுக்குவோம். அஞ்சு வருஷம் கழிச்சுக் கூரை ஒழுகினா?"

லிண்ட்க்விஸ்ட் கோப்பைப் புரட்டினார். பொய் சொல்ல அவருக்கு விதிகளில் இடமில்லை. "அப்போ நீங்க... ஏற்கெனவே இங்க இருக்கிறவங்க."

வெர்னா காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஒன்பதாம் மேசையின் காலுக்குக் கீழே செருகினாள். மேசை நின்றது.

"வேண்டாம் சார். இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. இங்க நான் இன்னும் புதுசு. மரியாதை இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமைச் சிறப்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகர அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 'நகரில் அமர்ந்து உண்ண ஓர் உணவகமும் இல்லை என்பது உறுதியாகிறது. காரணம் தெரியவில்லை. கண்டறிய ஆலோசகரை மீண்டும் நியமிப்பது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. மதிய உணவுக்காகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. உறுப்பினர்கள் எழுவரும் சாலையைக் கடந்தனர்.'