ஒரு மணி நேரத் தூரம்

காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய மனைவி, பக்கத்து மாநிலத்தில் இருக்கும் தன் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தபோது மணி பன்னிரண்டு. விமானம் பறக்கும் நேரம் ஒரு மணிதான் என்று இணையத்தில் போட்டிருந்தது. மிச்ச நேரமெல்லாம் எங்கே போயிற்று?

பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவான கணவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தூரத்தையும் நேரத்தையும் வைத்தே, வண்டியை எங்கே ஓரங்கட்டினாய் என்று எத்தனை லாரி டிரைவர்களைப் பிடித்தவர் அவர்! விமானத்தில் மட்டும் ஏறியதே இல்லை. வானத்தில் ஓரங்கட்ட ஏது இடம் என்பது அவர் கட்சி.

அந்தக் கிளைக்குப் புது மேனேஜர் வேறு வந்திருந்தான். நன்றாகப் பாடுவானாம். மனைவி அதைச் சொன்ன நாளிலிருந்து குமாஸ்தாவும் குளியலறையில் பாடிப் பார்க்கிறார். உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டம்மா விசாரித்ததுதான் மிச்சம்.

பொறுக்க மாட்டாமல் கிளைக்கே போன் போட்டார். எடுத்தவன் பாட்டுக்காரன்.

"மேடமா? இப்பத்தான் வந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் சாப்பிடக் கிளம்பிட்டோம். அப்புறம் கூப்பிடுங்களேன்."

குமாஸ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன. நேரிலேயே போய் நின்றுவிடுவது என்று மறுநாளைக்கு டிக்கெட் எடுத்தார். பாட்டுக்காரன் முன்னால் மட்டமாகத் தெரியக் கூடாதே என்று புதுச் சட்டை போட்டு, சென்ட் அடித்து, விடிந்ததும் விடியாததுமாகப் பெட்டியோடு படியிறங்கினார். எங்கே பயணம் என்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தார்.

விமான நிலையத்தில் நுழைய ஒரு வரிசை. பெட்டியைப் போட ஒரு வரிசை. பெல்ட்டைக் கழற்ற இன்னொன்று. எல்லாம் முடிந்து உட்கார்ந்தால், விமானம் தாமதம் என்றார்கள். காணாமல் போன மணி நேரங்கள் எங்கே போயின என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், ஒவ்வொரு மாதமும் இவ்வளவு பட்டாளா என்று மனைவி மேல் பாசம் பொங்கியது. பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஆபீஸ்லதான்."

தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் தேனாகக் குழைந்தது.

"யாரது, பக்கத்துல பொம்பளைக் குரல்?"

"புதுசா சேர்ந்த கிளார்க்கும்மா."

"நேத்து பேசறப்போ சொல்லவே இல்லையே?"

"இன்னிக்குத்தான் சேர்ந்தா. சரி, கூப்பிடறாங்க. போனை அணைக்கணும், வச்சிடறேன்."

அணைத்தும் விட்டார். ஏறி உட்கார்ந்த பிறகும் விமானம் நகருவேனா என்றது. இறங்கினால் பெட்டி வரவில்லை. பெட்டி வந்தால் டாக்சி நெரிசலில் நின்றது. கிளை அலுவலக வாசலுக்கு வந்தபோது சட்டை கசங்கி, சென்ட் வாசனையும் போயிருந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாட்டுக்காரனையும் சேர்த்தே சாப்பிடக் கூட்டிப் போவது என்று முடிவு செய்துகொண்டு, மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் வாட்ச்மேனிடம்.

"மேடம் காலையிலேயே ஊருக்குத் திரும்பிட்டாங்க சார். வீட்டுக்காரர் புதுச் சட்டை, சென்ட்டு, பெட்டி சகிதமா கிளம்பிட்டார்னு பக்கத்து வீட்டம்மா போன் பண்ணிச்சாம். கூட எவளோ புது கிளார்க்காம். பிளேனுக்குக் காத்துக் கிடந்தா ஆளைப் பிடிக்க முடியாதுன்னு, சரக்கு இறக்க வந்த பார்சல் லாரியிலேயே ஏறிட்டாங்க."